பந்து உருண்ட மண்ணைத் தேடி

பயணம் புறப்படுகிறவரிடம் உற்றாரும் அண்டை வீட்டாரும் ஏதாவது ஒன்று கேட்பது நம் வழக்கம். சென்ற அக்டோபரில் நான் ஹாலந்துக்குக் கிளம்பியபோதும் அப்படித்தான் நடந்தது. பேரப் பிள்ளைகள் சாக்லேட் கேட்டார்கள். என் துணைவியார் நல்ல கம்பளிச் சால்வை ஒன்று கேட்டார். எதிர்வீட்டு அம்மா, துலிப் பூவின் கிழங்கு கிடைத்தால் நான்கு கொண்டு வாருங்கள் என்றார். என் தம்பி கேட்டது வேறு.

"அண்ணே, குரோனிங்கன்ல ஃபண்டி கோல் போட்டான்ல, அந்தத் திடலைப் பாத்துட்டு வாங்க. முடிஞ்சா ஒரு படம் எடுத்து அனுப்புங்க. வேற ஒண்ணும் வேணாம்."

தம்பிக்கு அறுபது வயது நெருங்குகிறது. வாரத்தில் மூன்று நாள் சுங்கைப்பட்டாணியில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருகிறான். அவனுடைய இளைய மகள் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். பெற்ற தகப்பன் போய்ப் பார்க்க வேண்டிய பிள்ளையை, அவன் போக முடியாததால், பெரியப்பா நான் பார்க்கப் போனேன். மகள் படிக்கும் ஊரின் பெயரைக் கேட்ட நாளிலிருந்தே அவனுக்கு அந்தத் திடலின் நினைவுதான்.

வாசகர்களே, இந்தத் திடலின் கதையைச் சொல்லுமுன் எங்கள் தோட்டத்துத் திடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

லயத்துச் சுவரில் ஒரு படம்

நாங்கள் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயங்களுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவில் ஒரு திடல். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் சேறு. மாலை நாலரை மணிக்குப் பந்து உதைக்கும் சத்தம் கேட்டால், சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு இளவட்டங்கள் ஓடும். அந்தக் கூட்டத்தில் என் தம்பியின் கால் தனிக் கால். எதிராளி இரண்டு பேர் மறித்தாலும் நடுவில் நுழைந்து போய்விடுவான். ஏழாம் நம்பர் சட்டை அவனுக்கென்றே இருந்தது.

1983ஆம் ஆண்டு அக்டோபரில், மன்றத்தில் கிடந்த நாளிதழிலிருந்து ஒரு படத்தைக் கத்தரித்து வந்து லயத்துச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டினான். சிங்கப்பூர் ஆட்டக்காரர் ஃபண்டி அகமதுவின் படம் அது. ஹாலந்தின் குரோனிங்கன் குழுவுக்காக, இத்தாலியின் பேர்பெற்ற இன்டர் மிலான் குழுவை எதிர்த்து அவர் கோல் போட்டிருந்தார். அப்போது தம்பிக்கு வயது பதினேழு, ஃபண்டிக்கு இருபத்தொன்று.

"நம்ம பக்கத்து ஆளு, அண்ணே! நாசி லெமாக் வித்த பையன்!" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தான். சிறுவயதில் குடும்பத்துக்குத் துணையாக ஃபண்டி நாசி லெமாக் விற்றது அந்தக் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. விடியுமுன் எழுந்து தாயாருடன் வெட்டுக்குப் போய் மங்கு கழுவிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடிய தம்பிக்கு, ஃபண்டி வேற்று ஆளாகத் தெரியவில்லை.

1987ஆம் ஆண்டில் தம்பிக்கும் ஓர் அழைப்பு வந்தது. தெற்கே வேறொரு மாநிலத்துக் குழு. ஓராண்டு ஒப்பந்தம். வெட்டுச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு பணம். கடிதத்தைப் படித்துக் காட்டியதே நான்தான். அப்பா கேட்டுவிட்டு நெடுநேரம் வெற்றிலை மென்றார். மறு ஆண்டு அவருக்கு ஓய்வு வயது. செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்குத்தான் லயத்து வீடு. நான் படித்து டவுனில் குமாஸ்தா வேலைக்குப் போய்விட்டேன். தங்கைகள் இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தம்பியும் போய்விட்டால் வீட்டை விட்டுக் கொடுக்க வேண்டும்.

"ஒப்பந்தம் ஒரு வருசத்துக்குய்யா. வயிறு ஆயுசுக்கும்" என்றார் அப்பா.

அவர் தகப்பனார் கங்காணியின் பேச்சை நம்பிக் கப்பல் ஏறியவர். மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர், இந்த மண்ணிலேயே அடக்கமானார். ஒப்பந்தம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. மறுவாரம் அவன் பெயர் செக்ரோலில் ஏறியது.

ஊர் ஊராகப் போன கால்கள்

ஃபண்டியின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் நான் தேடிப் படித்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது மின்னியது, கிட்டப் போய்ப் பார்த்தால் நம்மைப் போன்ற ஒரு கூலிக்காரரின் கதையாகவும் இருந்தது.

தகப்பனார் அகமது வர்தாம் சிங்கப்பூரின் தேசியக் கோல்காவலராக இருந்தவர். மகன் பதினேழு வயதில், 1979இல், நாட்டுக்காக ஆடினார். 1980 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2-1 என்று சிங்கப்பூர் வென்றபோது வெற்றிக் கோல் அவருடையது. 1982இல் ஹாலந்தின் அயாக்ஸ் குழு அவரைச் சோதித்துப் பார்த்து ஒப்பந்தமும் நீட்டியது. அவரோ அதை விட்டு இந்தோனேசியாவின் சுரபாயா நகரத்துக்குப் போனார். அங்கே நியாக் மித்ரா என்ற குழு. சிங்கப்பூர்க் கோல்காவலர் டேவிட் லீயும் கூடப் போனார். அந்தப் பருவத்தில் நியாக் மித்ரா வெற்றிவாகை சூடியது. 1983 ஜூனில் இங்கிலாந்தின் ஆர்சனல் குழு சுரபாயாவுக்கு வந்தபோது அதை 2-0 என்று தோற்கடித்தார்கள். ஒரு கோல் ஃபண்டி போட்டது.

இத்தனைக்குப் பிறகும் என்ன ஆயிற்று? வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வேண்டாம் என்று இந்தோனேசிய லீக் முடிவெடுத்தது. கோல் போட்ட காலானாலும் மூட்டை கட்டத்தான் வேண்டும். அப்படி மூட்டை கட்டியவர்தான் குரோனிங்கனில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் இறங்கினார்.

முதல் பருவத்தில் லீக்கில் பத்துக் கோல்கள். ஊரே கொண்டாடியது. இரண்டாம் பருவத்தில் தொடையில் காயம். பயிற்றுநரோடும் ஒத்துப்போகவில்லை. ஆடியதே விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். 1985இல் ஹாலந்தை விட்டுத் திரும்பினார்.

பிறகு கோலாலம்பூர்க் குழு. இங்கேதான் எங்கள் கெடாக்காரர்களின் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. 1987, 1988, 1989 என்று மூன்றாண்டு தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கோலாலம்பூரிடம் கெடா தோற்றது! 1990இல் கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போய், சம்பள விவகாரம் ஒத்துவராமல் சீக்கிரமே திரும்பினார் ஃபண்டி. அடுத்துப் பகாங். 1992இல் பகாங் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. அந்த இறுதியாட்டத்தில் தோற்றது யார்? மறுபடியும் நாங்கள்தான். 1994இல் சிங்கப்பூருக்கே தலைவராகத் திரும்பி, ஷா ஆலாம் அரங்கத்தில் அதே பகாங்கை 4-0 என்று வென்று கிண்ணம் வாங்கினார்.

நேற்று எந்தச் சட்டையைப் போட்டு வேர்வை சிந்தினாரோ, இன்று அதே சட்டைக்காரர்களை எதிர்த்து ஓட வேண்டும். சம்பளத்துக்கு ஆடுகிறவனின் தொழில்தர்மம் அது. தம்பி ஒரு கெடா வெறியன். ஆனாலும் 1988இல் கோலாலம்பூர்க் குழு அலோர்ஸ்டார் தாருல் அமான் அரங்கத்துக்கு ஆட வந்தபோது, தோட்டத்து இளைஞர்களோடு வேன் பிடித்துப் போனவன், ஃபண்டிக்கும் கை தட்டியதற்காகத் திரும்பும் வழியெல்லாம் திட்டு வாங்கினான்.

இப்படி வெளியே போனவர்கள் ஃபண்டி ஒருவர் மட்டும் அல்ல. 1970களில் நம் கோல்காவலர் சௌ சீ கியோங் ஹாங்காங்குக்குப் போய் ஆடினார். 1980களின் இறுதியில் நம்மினத்தவரான சிங்கப்பூர் வி. சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவில் ஆடினார். அதே சுந்தரமூர்த்தி கெடாவின் சட்டையும் அணிந்தவர் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரன் தன்னிச்சையாக வேறு குழுவுக்குப் போக முடியாது. பழைய குழு விலை கேட்கும். போஸ்மன் என்ற பெல்ஜிய ஆட்டக்காரர் வழக்காடி, 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகே, ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கட்டு அவிழ்ந்தது. காலை விற்றுப் பிழைப்பவனுக்குத் தன் கால் தனக்கே சொந்தம் என்று ஆவதற்கு அத்தனை காலம் பிடித்தது.

சைக்கிள்களின் ஊர்

கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பதின்மூன்று மணி நேரம் விமானம். அங்கிருந்து வடக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயில். வழியெல்லாம் மலையே இல்லை. மேசை மேல் பச்சைத் துணியை விரித்தாற்போல் நிலம். நடுநடுவே கோடு கிழித்தாற்போல் வாய்க்கால்கள். மாடுகள் எல்லாம் குளிப்பாட்டி விட்டவை போல் நிற்கின்றன. மேடும் பள்ளமுமாகப் பால்மரக் காட்டில் நடந்து பழகிய கண்ணுக்கு, முதலில் ஏதோ குறைவதுபோல் இருந்தது.

குரோனிங்கன் ரயில் நிலையம் 1896இல் கட்டியது. உள்ளே நுழைந்தால் கோயில் மண்டபம்போல் அண்ணாந்து பார்க்க வைக்கிறது. வெளியே வந்தால் சைக்கிள்! ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. நம் தோட்டத்தில் ஒரு காலத்தில் கிராணிக்குத்தான் சைக்கிள் உண்டு. இங்கே பேராசிரியர், மாணவர், முன்னும் பின்னும் பிள்ளைகளை ஏற்றிய தாய்மார் எல்லாரும் சைக்கிளில்தான் போகிறார்கள். தம்பி மகள் என்னையும் ஒரு சைக்கிளில் ஏறச் சொன்னாள். எழுபது வயதில் விழுந்து எழ வேண்டாம் என்று நடந்தே வந்தேன்.

ஊரின் நடுவில் பெரிய சந்தைத் திடல். அதன் ஓரத்தில் 97 மீட்டர் உயரமுள்ள மார்ட்டினி கோபுரம். ஊரார் அதை "நரைத்த கிழவர்" என்று செல்லமாக அழைக்கிறார்கள். பல்கலைக்கழகம் 1614இல் தொடங்கியது. நம் மலாயாவில் மலாக்காவைப் போர்ச்சுக்கீசியர் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்தப் பழமையான வாசலில் நம் தோட்டத்துப் பேத்தி சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போவதைப் பார்த்தபோது, அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் மாதம் அங்கே சர்க்கரைக் காலம். வயலிலிருந்து சர்க்கரைக்கிழங்கைத் தோண்டி மலைபோல் குவித்து, ஊருக்கு மேற்கே உள்ள ஆலையில் காய்ச்சுகிறார்கள். மேல்காற்று அடித்தால் ஊருக்குள் ஒரு வாடை வரும். தம்பி மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ, தோட்டத்து ரப்பர் ஸ்டோர் புகையின் நினைவு வந்தது. பிழைப்பு நடக்கும் ஊருக்கு ஒரு வாடை இருக்கத்தான் செய்கிறது.

இந்த மண்ணுக்கு அடியில் 1959இல் பெரும் எரிவாயு கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அதை எடுத்து நாடே செழித்தது. எடுக்க எடுக்க நிலம் அதிர்ந்து, சுற்றுக் கிராமத்து வீடுகளில் சுவர்கள் விரிந்தன. 2023இல் எடுப்பதை நிறுத்தினார்கள். செல்வம் நாட்டுக்கு, விரிசல் மண்ணின் மேல் குடியிருப்பவனுக்கு. இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திடல் எங்கே?

மூன்றாம் நாள் காலையில், "ஃபண்டி ஆடின திடலுக்குப் போவோம், வாம்மா" என்றேன்.

தம்பி மகள் சற்றுத் தயங்கினாள். "பெரியப்பா, அப்பாகிட்ட நான் இதைச் சொல்லவே இல்ல. அந்தத் திடல் இப்ப இல்ல."

குரோனிங்கன் குழு 2006 ஜனவரியில் ஊருக்குத் தென்கிழக்கே யூரோபோர்க் என்ற புது அரங்கத்துக்கு மாறிவிட்டது. 1933இலிருந்து ஆடிவந்த பழைய ஓஸ்டர்பார்க் அரங்கத்தை இடித்துவிட்டார்கள். எனக்குக் கால் ஓய்ந்தாற்போல் ஆகிவிட்டது. தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் இல்லையா?

"இருந்தாலும் இடத்தைப் பாத்துட்டு வருவோம்" என்றேன்.

ஓஸ்டர்பார்க் ஊரின் கிழக்கே உள்ள பேட்டை. தொழிலாளர்கள் குடியிருக்கக் கட்டிய செங்கல் வீடுகள் வரிசை வரிசையாக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நம் லயங்களை அடுக்கி மாடி வைத்துச் சன்னலுக்குத் திரை போட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. இந்த வீடுகளுக்கு நடுவில்தான் அந்த அரங்கம் இருந்தது. கோல் விழுந்தால் சுற்றுத் தெருவில் சட்டி பானை அதிர்ந்திருக்கும்.

இப்போது அந்த இடத்தில் புது வீடுகள். நடுவில் நடைபாதை, வாசலில் பூச்சட்டிகள், சாய்ந்து நிற்கும் சைக்கிள்கள். நான் அங்கே நின்றது குரோனிங்கனில்தானா, சுங்கைப்பட்டாணியிலா என்று ஒரு கணம் எனக்கு மயக்கமாக இருந்தது. ஏனென்றால் எங்கள் தோட்டமும் 1997இல் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கைக்குக் கிடைத்த தொகை ஒரு வீட்டுக்கு முன்பணத்துக்குக்கூடப் போதவில்லை. எந்த லயத்து வீட்டைக் காப்பதற்காகத் தம்பி தன் காலைக் கட்டிப்போட்டானோ, அந்த வீட்டைப் பத்தே ஆண்டில் இயந்திரம் இடித்தது. சுவரில் ஒட்டிய படமும் சுவரோடு போயிற்று. தம்பி ஓடிய திடலில் இன்று மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மாரியம்மன் கோயில் மட்டும் ஓரமாகத் தப்பிப் பிழைத்தது.

அப்படியே நின்றுகொண்டிருந்தேன். நாயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு முதியவர், இந்த ஆசாமி ஏன் வெறும் வீட்டை இப்படிப் பார்க்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, நின்று ஏதோ கேட்டார். தம்பி மகள் டச்சு மொழியில் பதில் சொன்னாள். அவள் சொல்லி முடிக்குமுன்பே அவர் முகம் மலர்ந்தது.

"ஃபண்டி!" என்றார்.

அந்த ஒரு பெயருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பிறகு அவர் சொன்னதையெல்லாம் பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னாள். அன்றைய ஆட்டத்தை அவர் வாலிபராக நின்று பார்த்தாராம். அந்த ஆண்டுதான் அவர்கள் குழு முதல்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குள் நுழைந்தது. முதல் சுற்றில் மாட்ரிட் நகரத்துக் குழுவை வென்று வந்தது. 1983 அக்டோபர் 19ஆம் நாள், இரண்டாம் சுற்றில் இன்டர் மிலான். ஒரு கோலில் முன்னணியில் இருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஃபண்டி இரண்டாவது கோலைப் போட்டார். இரண்டு வாரத்தில் இத்தாலிக்குப் போய் 5-1 என்று தோற்றுப் போட்டியிலிருந்து வெளியேறினார்கள் என்பது வேறு விஷயம். "அதை நாங்கள் மறந்துவிட்டோம்" என்று சிரித்தார் முதியவர்.

ஃபண்டி இந்தோனேசியர் என்றுதான் அவர் இத்தனை காலம் நினைத்திருந்தாராம். சிங்கப்பூர் என்று திருத்தினோம். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நாயின் கயிற்றை இழுத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல் ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் நலமாக இருக்கிறாரா?"

நலம்தான் என்றேன். பிள்ளைகளும் பந்தாட்டக்காரர்கள், ஒரு மகன் இக்சான் 2019இல் நார்வே நாட்டில் ஆடப் போனார், இன்னொரு மகன் இல்ஹான் 2023இல் பெல்ஜியத்துக்கு வந்தார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதியவர் திருப்தியோடு தலையாட்டினார். போகுமுன் ஒரு வீட்டு வரிசையைக் கைநீட்டிக் காட்டி, கோல் கம்பம் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் என்றார்.

இந்த ஊர் பலர் வந்து இறங்கி ஏறிய ஊர். பக்கத்துப் பேடும் கிராமத்துப் பிள்ளை ஆர்யன் ராபன் இங்கே தொடங்கித்தான் உலகம் அறியப் போனார். உருகுவேயின் லூயிஸ் சுவாரஸ் 2006இல் வந்து ஓராண்டில் போனார். வான் டைக் 2011 முதல் 2013 வரை இங்கே இருந்தார். அவர்களுக்கெல்லாம் வந்த பேரும் பணமும் ஃபண்டிக்கு இங்கே வரவில்லை. இரண்டே பருவம், அதில் பாதி காயத்தில் போயிற்று. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும், அவர் ஆடிய திடலே இல்லாமல் போனபின்னும், தெருவில் போகிற ஒருவர் அவர் நலத்தை விசாரிக்கிறார்.

தொலைபேசியில் தம்பி

அங்கிருந்தே தம்பியை அழைத்தோம். நம் ஊரில் மாலை நேரம். சுத்திகரிப்பு முடிந்து வந்து களைத்துப் படுத்திருந்தான். கைத்தொலைபேசியில் அவன் முகம் தெரிந்தது.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். "தம்பி, திடலை இடிச்சிட்டாங்கடா. வீடு கட்டிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தான். "அங்கயும் தாமானா? வெள்ளைக்காரன் ஊருலயுமா?"

முதியவரைப் பற்றிச் சொன்னேன். அவர் ஃபண்டியை நலம் விசாரித்ததைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டான். "கோல் எந்தப் பக்கம் அண்ணே? காட்டுங்க" என்றான். தொலைபேசியை அந்த வீட்டு வரிசைக்கு நேரே பிடித்தேன். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல் சுவரும் பூச்சட்டியும்தான். அவனுக்கு என்ன தெரிந்ததோ!

முப்பத்தெட்டு ஆண்டாக நெஞ்சில் கிடந்ததை அப்போது கேட்டுவிட்டேன். "அன்னைக்கு அப்பாகிட்ட உனக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும்டா. பேசாம இருந்துட்டேன்."

"விடுங்கண்ணே" என்றான். "பேசியிருந்தா நான் போயிருப்பேன். தங்கச்சிங்க எங்க இருந்திருப்பாங்க? அந்தப் பத்து வருசத்துலதான் ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்தோம். அப்பாவும் அந்த வீட்டுலதான் கண்ண மூடினாரு." பிறகு மகளைக் கூப்பிட்டான். "இவ போறேன்னு சொன்னப்ப எனக்கும் பயம்தான். உதவிப்பணம் ரெண்டு வருசம்தான், அப்புறம் என்ன பண்ணுவேன்னு கேட்டேன். அப்பா பேசின பேச்சையே நானும் பேசுறேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. போயிட்டு வான்னுட்டேன்."

பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசகர்களே, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெளியூரிலிருந்து அழைப்பு வரும்போது, பெற்றவர்கள் பயப்படுவதில் தவறு இல்லை. அப்பாவின் பயம் பொய்யான பயமன்று. ஃபண்டியின் கதையே அதற்குச் சாட்சி. சட்டம் மாறியதால் சுரபாயா போயிற்று, காயத்தால் குரோனிங்கன் போயிற்று, சம்பளத்தால் கிரீட் போயிற்று. ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும். காயம்பட்டால் என்ன, காலம் முடிந்தால் என்ன என்று கேட்க வேண்டும். ஆனால் இருக்கிற வீடு நிலைக்கும் என்று நம்பி ஒரு பிள்ளையின் காலைக் கட்டுவதற்கு முன், அந்த வீடு யாருடையது என்பதையும் ஒரு நாழிகை யோசிக்க வேண்டும். இதைத்தான் நான் 1987இல் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு இன்றும் ஆண்டுக்கொருமுறை பழைய தோட்டத்துச் சனங்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடுகிறார்கள். தம்பியால் இப்போதெல்லாம் நெடுநேரம் நிற்க முடிவதில்லை. போனமுறை அவன் வரவில்லை. கூழ் வாங்க நின்ற கூட்டத்தில், பூச்சோங்கிலிருந்து வந்த ஒருவர் என் தோளைத் தட்டி, "அந்த ஏழாம் நம்பரு எப்படி இருக்கான்?" என்று கேட்டார். அப்போது அதை நான் பெரிதாக எண்ணவில்லை. குரோனிங்கன் போய் வந்தபின்தான், அது எவ்வளவு பெரிய விசாரிப்பு என்று புரிகிறது. அதைத் தம்பியிடம் இப்போது சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பும்போது, தம்பி மகள் அந்தத் தெருவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தாள். இப்போது தம்பி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், "யாரு வீடுங்க இது? அழகா இருக்கே" என்று கேட்கிறார்கள்.

"வீடு இல்லீங்க. திடல்" என்கிறான் தம்பி. "அந்தா, அந்த மூணாவது சன்னலுக்கு நேரா. அங்கதான் ஃபண்டி கோல் போட்டான்."